ஈயச் சொம்பு உருகியது ஏன்?

அன்புள்ள வாசகருக்கு,

ரசம் வைக்க, மாமியார் கொடுத்த ஈயச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போனீர்கள். திரும்பி வருவதற்குள் அடி உருகி ஒழுகிவிட்டது. அந்தக் காலத்திலேயே கலப்படம் இருந்ததா என்று கேட்கிறீர்கள். உருகியதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது; சுத்தமான வெள்ளீயமே 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கேஸ் அடுப்பின் தீ ஆயிரம் டிகிரிக்கும் மேல். வெறும் சொம்பு தாங்காது.

ரசம் இருந்தால் மட்டும் எப்படித் தாங்குகிறது? தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மேல் ஏறும் சூடெல்லாம் ஆவியோடு போய்விடும். ஈயம் சூட்டை நன்றாகவே கடத்துவதால் சொம்பின் சுவரும் ரசத்தின் சூட்டை ஒட்டியே நிற்கும். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அடுப்பில் ஏற்ற வேண்டும் என்பது இதற்காகத்தான். தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்டுவதற்கும் இதுவே காரணம். காய்ந்த எண்ணெய் 200 டிகிரியைத் தொட்டுவிடும். இரும்புக்கு 1,538 டிகிரி வரை கவலையில்லை.

இவ்வளவு நோஞ்சான் உலோகத்தில் எதற்கு ரசம்? ஈயம் ருசி கூட்டும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எதையும் கூட்டாமல் இருப்பதுதான் அதன் குணம். பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும். இரும்புச் சட்டியில் ரசம் கறுத்து வாடை அடிக்கும். வெள்ளீயத்தைப் புளி மிக மெதுவாகவே அரிக்கும். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியது அதனால்தான். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, ஈயத் துண்டை வைத்துத் தேய்த்தால் அது உருகிப் பரவும். துணியால் வழித்துவிட்டால் வேலை முடிந்தது. உங்கள் சொம்பை ஒழுக வைத்த அதே குணம், ஈயம் பூசுகிறவருக்குப் பிழைப்பு. 1810-இல் பிரிட்டனில் பீட்டர் டுராண்ட் காப்புரிமை பெற்ற உணவு டப்பாவும் இந்த வழியில்தான் வந்தது: பலத்துக்கு இரும்புத் தகடு, உணவு படும் பக்கம் வெள்ளீயப் பூச்சு.

அப்படியானால் எவர்சில்வரிலேயே வைக்கலாமே? அது உருகாது, புளிக்கும் அசையாது. ஆனால் சூட்டைக் கடத்துவதில் படு மந்தம். பால் அடிப்பிடிப்பதும், அடியில் செம்புத் தகடு ஒட்டி விற்பதும் அதனால்தான்.

இனி கலப்படம். வெள்ளீயத்தில் கலக்கும் காரீயம் விஷம், விளையாட்டில்லை. அது தனியாக 327 டிகிரியில்தான் உருகும். ஆனால் வெள்ளீயத்தோடு சேர்ந்தால் கலவை இரண்டையும்விட முன்னதாகவே உருகக்கூடும்; ரேடியோ மெக்கானிக் பற்றவைக்கும் பழைய வகைக் கம்பி 183 டிகிரியிலேயே இளகும். ஆகவே உருகியது எதற்கும் சாட்சியில்லை. எடை சொல்லும். உருகிய கட்டியை நிறுத்துப் பாருங்கள். பிறகு அளவு போட்ட கண்ணாடிக் குவளையில் தண்ணீரில் மூழ்கவிட்டு, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று குறியுங்கள். சுத்த வெள்ளீயமானால் 730 கிராமுக்கு ஏறத்தாழ 100 மில்லி ஏற வேண்டும். 80 மில்லிதான் ஏறியது என்றால் காரீயம் நிறையவே இருக்கிறது. சிறிய கலப்பு இதில் பிடிபடாது; அதற்கு உலோகப் பரிசோதனைக் கூடத்தில்தான் கொடுக்க வேண்டும். முடிவு தெரியும் வரை அதை மறுபடி சொம்பாக வார்க்கக் கொடுக்காதீர்கள்.

அன்புடன்,
கட்டுரையாளர்