17 பேருக்கு மட்டும் வந்த காய்ச்சல்



ஜனங்களின் சுகத்துக்காக அரசாங்கம் செலவிடும் பணம் தர்மமா, முதலீடா? இலங்கையின் மலேரியாச் சரித்திரத்தை வைத்து இதை ஆராய்வோம்.

1934-35இல் மழை பொய்த்து, ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாய்த் தேங்கின. அங்கே பெருகிய கொசுக்களால் பரவிய காய்ச்சலில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டார்கள். அது ஈரவலயத்தைத் தாக்கிய கொள்ளைநோய். வறண்ட வலயத்திலோ மலேரியா வருஷந்தோறும் வந்தது. வடகீழ்ப் பருவமழைக்குப் பின் பெரும்போக நெல் விளையும் மாதங்களிலேதான் காய்ச்சலும் ஏறும். பயிர் வயலில், விவசாயி பாயில்! பழைய அரசர்கள் கட்டிய பெரிய குளங்கள் இருந்தும், சுற்றியுள்ள நிலம் காடாய்க் கிடந்ததற்கு இது முக்கிய காரணம்.

1946 முதல் அரசாங்கம் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்தது. கிராம வைத்தியசாலைகளும் பெருகின. (மரணம் குறைந்ததில் உணவு மானியத்துக்கும் பங்குண்டு என்பவர்கள் சொல்வதும் நியாயமே.) காடாய்க் கிடந்த நிலங்களில் ஜனங்கள் குடியேறி நெல் விளைவித்தார்கள். மலேரியா ஒழிந்ததால் பெண்பிள்ளைகள் கூடுதல் காலம் பள்ளியில் படித்தார்கள் என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

1963இல் நாடு முழுவதிலும் நோயாளிகள் 17 பேர்தான். இனி எதற்குச் செலவு? தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது சிக்கனமாகவே தோன்றியிருக்கும். ஆனால் 1968-69இல் 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் படுத்துவிட்டார்கள். மறுபடியும் தெளித்தபோது டி.டி.டி. முன்போல் கொசுவைக் கொல்லவில்லை. 1970களில் அதைவிட விலை கூடிய மாலத்தியானை வாங்க வேண்டியதாயிற்று. சேமித்த தொகை இப்படியே போயிற்று. அந்த வருஷங்களில் இழந்த கூலியையும் விளைச்சலையும் எந்தக் கணக்கில் எழுதுவது?

உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012இல் காணப்பட்டார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. இந்த முறை அரசாங்கம் கண்காணிப்பை நிறுத்தவில்லை. அறிவிப்பு வந்த சில மாதங்களிலேயே, கிணறுகளில் பெருகும் வேறொரு வகை மலேரியாக் கொசு மன்னாரில் அகப்பட்டது. காய்ச்சலே இல்லாத ஊரில் கிணறு கிணறாய்ப் பார்த்து வந்த ஊழியர்கள் இருந்ததால்தான் அது தெரியவந்தது.