ஆழம் தெரியாமல் காலை விடாதே

இமாச்சலப் பிரதேசம் மலைகள் நிறைந்த மாநிலம். அங்கே பியாஸ் என்ற ஆறு ஓடுகிறது. மணாலிக்குப் போகும் சாலை இந்த ஆற்றை ஒட்டியே செல்கிறது.

2014ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள். மாலை நேரம். ஐதராபாத்திலிருந்து கல்லூரி மாணவர்கள் சுற்றுலா வந்திருந்தார்கள். மண்டி மாவட்டத்தில் தலோட் என்ற இடத்தில் பேருந்தை விட்டு இறங்கினார்கள். ஆற்றில் தண்ணீர் குறைவாக இருந்தது. பலர் பாறைகள் மேல் ஏறி நின்று படம் எடுத்தார்கள்.

திடீரென்று தண்ணீர் ஏறியது. கரைக்குத் திரும்ப வழியில்லை. 24 மாணவ மாணவியரையும் ஒரு சுற்றுலா வழிகாட்டியையும் வெள்ளம் அடித்துச் சென்றது.

அந்த வெள்ளம் எங்கிருந்து வந்தது?

ஆற்றின் மேல் பகுதியில் லார்ஜி அணை இருக்கிறது. அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். அன்று அணையிலிருந்து தண்ணீரைத் திறந்து விட்டார்கள். இது மாணவர்களுக்குத் தெரியாது. அவர்கள் ஊருக்குப் புதியவர்கள்.

அணைக்குக் கீழே உள்ள எந்த ஆற்றிலும் இப்படி நடக்கலாம். வானம் தெளிவாக இருக்கும். மழை இருக்காது. ஆனாலும் வெள்ளம் வரும்.

ஏரி, குளம் மட்டும் என்ன? தண்ணீர் அசையாமல் கிடக்கும். நமக்குப் பயம் வராது. ஆனால் உள்ளே மண் அள்ளிய குழி இருக்கும். ஓர் அடி முழங்கால் ஆழம். அடுத்த அடி ஆள் மூழ்கும் ஆழம். சேறு காலை இழுக்கும். படியில் பாசி வழுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகள் இவை.

புதிய இடத்துக்குப் போனால்:

1. உள்ளூர் மக்களைக் கேளுங்கள். பிறகு இறங்குங்கள்.
2. எச்சரிக்கைப் பலகையைப் படியுங்கள். மொழி தெரியாவிட்டால் பிறரிடம் கேளுங்கள்.
3. சங்கு ஒலித்தாலும், தண்ணீர் கலங்கி ஏறினாலும் உடனே கரையேறுங்கள். செருப்பையும் பையையும் தேடாதீர்கள்.
4. குழந்தைகளைத் தனியே விடாதீர்கள்.

ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டால் நீங்களும் குதிக்காதீர்கள். கயிறு, புடவை, நீண்ட கழி எதையாவது நீட்டுங்கள். மூடிய காலி பிளாஸ்டிக் கேனை வீசுங்கள். அதைப் பிடித்து மிதப்பார். சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். 112க்குப் போன் செய்யுங்கள்.

நம் ஊர் ஏரியில் குழி எங்கே என்று நமக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வருகிறவருக்குத் தெரியாது. அவரிடம் சொல்வது நம் கடமை. ஒரு வார்த்தை ஓர் உயிரைக் காப்பாற்றும்.

விடை சொல்லுங்கள்

1. மழை இல்லாமலே ஆற்றில் வெள்ளம் வருவது எப்படி?
2. விழுந்தவரைக் காப்பாற்ற உங்கள் வீட்டில் உள்ள எந்தப் பொருள்கள் உதவும்?

எழுதிப் பழகுங்கள்

உங்கள் ஊர் நீர்நிலையில் ஆபத்தான இடம் எது? அங்கே வைக்க ஓர் எச்சரிக்கைப் பலகை எழுதுங்கள். எல்லாரும் சேர்ந்து அதை அங்கே நடுங்கள்.