சிறு பாவையும் வாயில்லாப் பூனையும்

மக்கள் உள்ளத்தைக் கவரும் பொருள்கள் இருவகைப்படும். மலை, கடல், பேரியாறு, வானளாவிய கோபுரம் முதலியன தம் பெருமையாற் கவர்வன. குழவியின் விரல், அணிற்பிள்ளையின் வால், மணலிற் கட்டிய சிற்றில் முதலியன தம் சிறுமையாற் கவர்வன. முன்னவற்றைக் கண்டு நாம் வியக்கின்றோம். பின்னவற்றைக் கண்டு உருகுகின்றோம். வியப்பைப்பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். உருக்கத்தைப்பற்றியும், அவ்வுருக்கத்தையே விலைப்பொருளாக்கிய ஒரு நாட்டின் வாணிகத்தைப்பற்றியும் எம் சிற்றறிவிற்கு எட்டியவாறு சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தி பூனைப் படங்களைப்பற்றி எழுதலாமோ என்று நகைப்பார் உளராயின், அவர்கள் இறுதிவரை படித்துப் பின்னர் நகைக்குமாறு வேண்டுகின்றோம்.

எம் ஊர் திருச்சுழிக்கு அண்மையிலுள்ளதொரு சிற்றூர். குண்டாறு ஆண்டின் பெரும்பகுதியும் வெறும் மணலாகவே கிடக்கும். மானாவாரியாக விதைத்த சோளமும் கம்பும் மல்லியும் பருத்தியும் ஐப்பசி கார்த்திகை மழையை நோக்கி நிற்கும். நிலம் கருமை, வேலியிலுள்ள சீமைக் கருவேல் புழுதி படிந்த பசுமை, வானம் வெண்மை. இத்தகைய நாட்டில் வண்ணம் என்பது அரிதிற் கிடைக்கும் பொருள். அதனைக் காணவேண்டின் அருப்புக்கோட்டைக்குச் செல்லுதல் வேண்டும். நெசவுக்குப் பேர்போன அவ்வூர்த் தெருக்களிற் சாயமேறிய நூல் வெயிலிற் காயும் காட்சியே எம் இளமையின் வானவில் என்னலாம்.

பங்குனிப் பொங்கல் விழாவின்போது அங்கே திருவிழாக் கடைகள் நிரம்பும். எமக்கு எட்டு வயதாயிருந்தபோது அக்கடைகளுள் ஒன்றில், இடக்காதில் சிவந்த முடிச்சணிந்த வெள்ளைப் பூனை எழுதிய பென்சிற் பெட்டி ஒன்றைக் கண்டோம். அன்று தொடங்கியது எம் வேட்கை. அதன்பின் அருப்புக்கோட்டைக்குச் செல்லுந்தோறும், வளையலும் ரிப்பனும் விற்கும் பேன்சிக் கடைகளுள் நுழையாது மீண்டதில்லை. அழிப்பான், ஒட்டுப்படம், தலைக் கிளிப்பு, சாவிக்கொத்து என எம் தொகுப்பு வளர்ந்தது. கடைக்காரர் ஒருவர் எம்மைத் தொலைவிற் கண்டவுடனே, “வா பாப்பா, புதுப் பூனை வந்திருக்கு” என்பார். ஒருகால் அவர் தந்த பூனை வாய்விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தது. எம் தொகுப்பிலிருந்த ஏனைய பூனைகட்கு வாயே இல்லை. இம்முரண்பாடு எம்மை ஆராய்ச்சியிற் புகுத்தியது. வாயில்லாததே உண்மை வடிவம் என்பதும், வாயுள்ளது யாரோ அறியாது எழுதிய போலி என்பதும் பின்னரே விளங்கின.

அப்பூனையின் வரலாறு நெசவுநாட்டார்க்கு இன்பம் பயப்பதாம். ஜப்பானில் யமனாஷி என்னும் பகுதி பட்டுக்குப் பெயர்பெற்றது. அப்பகுதியிற் பிறந்த ஷிந்தாரோ த்சுஜி என்பார் 1960-ஆம் ஆண்டில் நிறுவிய கழகம் முதலில் யமனாஷிப் பட்டுக் கழகம் என்றே பெயர் பூண்டிருந்தது. பின்னர் இரப்பர் மிதியடிகளும் விற்கத் தொடங்கிய அவர், அவற்றின்மேற் பூ எழுதப்பெற்றவை மிகுதியாக விற்பதைக் கண்டனர். பொருள் அதுவே, பூ ஒன்றே மிகை, அம்மிகையே வாங்குவார் கையை நீட்டச் செய்தது. இவ்வுண்மையைக் கடைப்பிடித்து அழகிய சிற்றுருவங்களை எழுதுதற்கென ஓவியரை அமர்த்தினர். 1973-இல் அக்கழகம் சான்ரியோ எனப் பெயர் மாறியது. 1974-இல் யூகோ ஷிமிசு என்னும் ஓவியப் பெண்மணியார் ‘ஹலோ கிட்டி’ என்னும் இப்பூனையை எழுதினார். அவ்வுருவம் தாங்கி 1975-இல் முதன்முதல் விலைக்கு வந்தது ஒரு சிறு காசுப்பை. 1980-இல் இவ்வுருவத்தை எழுதும் பொறுப்பேற்றவர் யூகோ யமகுச்சி என்பார். வாய் எழுதாமைக்கு அக்கழகத்தார் கூறும் காரணம், காண்பவர் தம் உள்ளத்து உணர்வையே அம்முகத்திற் காணவேண்டும் என்பதாம். மகிழ்வார்க்கு அது மகிழும். துயருறுவார்க்கு அது துயருறும்.

இதற்கு முன்னோன் மற்றொரு பூனை. 1969-ஆம் ஆண்டின் இறுதியிற் சிறுவர் இதழ்களில் தோன்றிய டோரேமான், காதிழந்த நீலநிறப் பொறிப்பூனை. 2005-இல் இந்தியத் தொலைக்காட்சியில் வந்தபின் நம் நாட்டுச் சிறாரும் அதனைத் தம் வீட்டுப் பிள்ளைபோற் கொண்டனர். 2008-இல் ஜப்பானிய அயல்நாட்டு அமைச்சகம் அதனைத் தன் அசைபடக் கலையின் தூதுவனாகவே அமர்த்தியது. அன்னமும் கிளியும் மேகமும் தூதுசென்ற தமிழிலக்கியம் கற்றார்க்கு இது புதுமையன்று.

இனி, இவ்வுருவங்களின் பண்பைக் குறிக்க ஜப்பானியர் வழங்குஞ்சொல் ‘கவாயி’ என்பது. இச்சொல்லின் பழைய வடிவம் முகஞ் சிவத்தலைக் குறித்து, பின் இரங்கத்தக்கது என்னும் பொருள் பெற்று, அதன்பின் அன்பிற்குரியது என்னும் பொருளை அடைந்தது என்பர். இதனை அறிந்தபோது எமக்குத் தோன்றிய தமிழ்ச்சொல் ‘அளி’ என்பதாம். அளி என்பது அன்பு. அளி என்பது இரக்கமும் ஆம். சங்கப் புலவர் அளியள், அளியர் என்னும் சொற்களால் இரங்கத்தக்காரைக் குறித்தனர். அன்பும் இரக்கமும் ஒரே வேரிற் கிளைப்பன என்பதை இரு மொழியாரும் தனித்தனியே உணர்ந்தனர் போலும். சிறியதைக் கண்டு உருகுதல் வெற்று மயக்கமன்று. அதனைக் காக்கவேண்டும் என்னும் உள்ளக்கிளர்ச்சியே அஃது என்பது எம் கருத்து.

ஏறக்குறைய 1000-ஆம் ஆண்டில் ஜப்பானிய அரண்மனையில் வாழ்ந்த செய் ஷோனகொன் என்னும் பெண்பாற் புலவர், தம் ‘தலையணைப் புத்தகம்’ என்னும் நூலில் உள்ளங்கவர் சிறுபொருள்களை வரிசைப்படுத்தியுள்ளார். தவழ்ந்து வரும் குழந்தை தரையிற் கிடந்த நுண்ணிய துகளைக் கண்டு, தன் சிறுவிரலாற் பற்றிப் பெரியோர்க்குக் காட்டுதல் அவற்றுள் ஒன்று. அவர்க்குப் பன்னூறாண்டு முன்னரே நம் பாண்டியன் அறிவுடைநம்பி, புறநானூற்று 188-ஆம் பாட்டில், குறுநடை நடந்து சோற்றிற் கையிட்டு மெய்யெலாம் பூசும் மக்களைப் பெறாதார்க்கு வாழ்நாளிற் பயனில்லை என்றனன். ஒருவர் துகளைக் கண்டார்; ஒருவர் நெய்ச்சோற்றைக் கண்டார்; இருவரும் கண்டது ஒரே சிறுகையை.

நம் நாட்டிற் பாவைகட்கும் குறைவில்லை. பஞ்சாய்க் கோரையாற் பாவை செய்தும், வண்டற் பாவை வனைந்தும் மகளிர் ஆடியமையைச் சங்கப் பாடல்கள் கூறும். காவிரிப்பூம்பட்டினத்தில் உணங்கும் நெல்லைக் கவர வந்த கோழியின்மேல் மகளிர் எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டிய முக்காற் சிறுதேரைத் தடுத்தது என்று பட்டினப்பாலை உரைக்கும். பிள்ளைத்தமிழின் ஆண்பாற் பருவங்களுள் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என ‘சிறு’ என்னும் அடையோடு நிற்றல் நோக்கத்தக்கது. பாவை என்னும் ஒரு சொல்லே பொம்மையையும் கண்மணியினுள் தோன்றும் உருவையும் குறித்தலால், தமிழர் பொம்மையைக் கண்ணுள் வைத்துப் போற்றினர் என்று கூறினும் இழுக்காகாது. மதுரையை அடுத்த விளாச்சேரியில் இன்றும் கொலுப் பொம்மைகளும் கிறிஸ்து பிறப்புக் குடிற் பொம்மைகளும் மண்ணாற் செய்யப்படுகின்றன.

இத்துணையும் இன்பக் கதை. இனிக் கூறுவது எம்மை உறங்கவொட்டாது செய்தது.

சென்ற ஆண்டு விடுமுறையில் எம் ஒட்டுப்பட ஏட்டை எம் அப்பத்தாவிடம் காட்டினோம். அவர் சாத்தூர்ப் பக்கத்திற் பிறந்து எம் ஊரில் வாழ்க்கைப்பட்டவர். ஏட்டின் ஒவ்வொரு தாளையும் பொறுமையாகப் புரட்டி, விரல்நுனியால் ஒட்டுப்படத்தின் ஓரங்களைத் தடவினார். பின், “நல்லா ஒட்டியிருக்கே, தாயி. நாங்களும் சின்னப்பிள்ளையிலே படந்தான் ஒட்டினோம். ஒண்ணைக்கூட எங்களுக்குன்னு எடுத்து வெச்சுக்கிட்டதில்லை” என்றார். அவர் ஏழு வயதிலேயே தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்று பெட்டிகளிற் படம் ஒட்டியவர் என்பதனை யாம் அன்றுதான் அறிந்தோம்.

தீப்பெட்டிப் படத்திற்கும் ஜப்பானுக்கும் தொடர்புண்டு. நம் நாட்டில் இத்தொழில் வேரூன்றுமுன், ஜப்பானியத் தீப்பெட்டிகளே இந்தியச் சந்தைகளிற் பெரிதும் விற்றன. யானை, புலி, தெய்வம் முதலாக வாங்குவார் உள்ளங்கவரும் வண்ணப்படங்களை அவற்றின்மேல் ஒட்டி அனுப்பினர். எழுதப் படிக்க அறியாதாரும் படத்தைச் சொல்லியே பெட்டியைக் கேட்டு வாங்கினர். பின்னர், சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று இத்தொழில் கற்று மீண்ட ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ஆம் ஆண்டளவில் அதனை எம் வறண்ட நாட்டில் தொடங்கினர். மழை பொய்த்தபோது சோறளித்தது அத்தொழில் என்பதை மறுத்தல் நன்றியன்று. ஆயின் அதிற் சிறுவர் கைகளும் பலவாய் ஈடுபட்டன என்பதை மறைத்தல் உண்மையன்று. 1986-இற் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996-இற் சிவகாசிச் சிறார்பற்றிய வழக்கில், சட்டத்தை மீறிச் சிறுவரை வேலைக்கு வைப்போர் ஒவ்வொரு சிறுவர்க்கும் 20,000 ரூபாய் செலுத்தவேண்டும் என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-இற் பதினான்கு வயது நிரம்பாதாரை எத்தொழிலிலும் கூலிக்கு அமர்த்தலாகாது எனச் சட்டம் திருத்தப்பெற்றது. இவை யாவும் எம் அப்பத்தாவின் இளமை கழிந்தபின் வந்தவை.

அதன்பின் மதுரையிற் பெரியதோர் அங்காடியுள் அடங்கிய கடை ஒன்றிற்குச் சென்றோம். ஒளிவிளக்கு, குளிர்காற்று, சுவரெங்கும் பஞ்சடைத்த பொம்மைகள். முன்னெல்லாம் அத்தகைய கடையில் யாம் முதலில் நோக்குவது விலைச்சீட்டு. அன்று முதலில் நோக்கியது எந்நாட்டிற் செய்தது என்னும் குறிப்பு. ஜப்பானியத் தோற்றமுடையன யாவும் ஜப்பானியம் ஆகா. 2013-இற் சீனத்துக் குவாங்சோவில் தோன்றிய மினிசோ என்னும் கடைக்குழு, தன்னை ஜப்பானிய முறையினதாகக் காட்டிக்கொண்டமைக்கு 2022-இல் வெளிப்படையாக வருத்தந் தெரிவித்தது. நாட்டின் பெயரைச் சீட்டு கூறும். ஒட்டிய கை யாருடையது என்பதைச் சீட்டுக் கூறாது. வாயில்லாத பூனையும் கூறாது. அதன் முகத்தில் யாம் எம் உணர்வையே காண்போம் என்பர். அன்று யாம் கண்டது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் முகம்.

ஆயினும் வெறுங்கையோடு மீண்டிலோம். திங்கள்தோறும் சிற்றுண்டிச் செலவிற் சேர்த்ததைக் கொண்டு, கழகத்தாரின் உரிமை முத்திரை பொறித்த சிறு காசுப்பை ஒன்றை வாங்கினோம். வாங்கியது எமக்கன்று. அதனை அப்பத்தாவின் கையில் வைத்தபோது, “எனக்கெதுக்கு இது?” என்று கேட்டார். யாம் விடை கூறவில்லை. கூற இயலவும் இல்லை. இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவர் மாற்றவில்லை. வெற்றிலையும் பாக்கும் அதிலேயே இருந்தன. ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைக் காசு மட்டும் பூனைப்பைக்கு மாறியது. கோவிலில் அதனைத் திறக்குமுன் அவர் ஒருகணம் விரலால் அதன் ஓரத்தைத் தடவுவதை யாம் கண்டுள்ளோம்.

அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பிற்கு விளாச்சேரியிலிருந்து மண்ணாட்டுக்குட்டிகள் இரண்டும் கழுதை ஒன்றும் வாங்கிவந்து குடில் அமைத்தோம். எம் தங்கை அவற்றினிடையே எம் பழைய பூனை ஒன்றை நிறுத்திவிட்டாள், வாய்விரித்துச் சிரிக்கும் அந்தப் போலிப் பூனையை. எடுத்துவிடலாம் என்று யாம் கைநீட்டியபோது, “இருந்துட்டுப் போகட்டும், அதுவும் சின்னதுதானே” என்று தடுத்தவர் அப்பத்தாவே. உபதேசியார் வந்து கண்டு நகைத்துச் சென்றார்.

இவற்றால் யாம் கற்றது இதுவாகும். சிறிய உருவங்களை விரும்புதல் இழிவன்று. அது தொன்மையானது, அறநெறிக்கு வாயிலாவது. ஆயின் பொம்மையைக் கண்டு உருகும் உள்ளம் அதனைச் செய்த கையைக் கண்டும் உருகுதல் வேண்டும். பொம்மையளவில் நின்றுவிடும் அளி குறையுடைய அளியேயாம். ஆகலின் நண்பர்காள், கடைக்குச் செல்லுங்கள், விரும்பியதை வாங்குங்கள், வாங்குமுன் ஒரு வினா வினவுங்கள், விழாநாளிற் குயவர் தெருவையும் மறவாதீர்கள். வீட்டில் முதியோர் இருப்பின், நீங்கள் சேர்த்துவைத்த சிறுபொருளை ஒருமுறை அவர்களிடம் காட்டுங்கள். நூலகத்தில் இல்லாத ஏடு ஒன்று ஆங்கே திறக்கக்கூடும்.