தப்பித்தாச்சே, அப்புறம் என்ன?

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டு மாடியில் ராஜேந்திர சோழன் தோற்கப் பார்த்தான். காரணம் நான்தான்.

‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கணினி விளையாட்டு 1999-ல் வந்தது. அதில் சோழர் படையை நடத்த 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ சேர்க்கையில் திராவிடர் என்று ஒரு தரப்பு, சுருள்வாள் வீரர்கள், திரிசடை என்ற பெருங்கப்பல், ராஜேந்திரன் பெயரில் ஐந்து கட்டப் படையெடுப்பு. கப்பல் கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருந்ததையெல்லாம் எதிரித் துறைமுகத்துக்கு ஓட்டிவிட்டு அங்கேயே கண்ணாக இருந்தேன். ஊரில் காவல் கோபுரம் ஒன்றுகூட இல்லை. கட்டுவதற்கான கல்லும் மரமும் இருப்பில் குவிந்து கிடந்தன. எச்சரிக்கை ஊதல் இரண்டு முறை கேட்டது. கடலில் நடக்கிற சண்டைக்குத்தானே ஊதுகிறது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் முறை ஊதியதும் ஊர்ப்பக்கம் திரும்பினால் ஊர்மையம் எரிகிறது. எதிரி பின்கரையில் ஆளை இறக்கியிருக்கிறான். மணியடித்தேன். வேலைக்காரர்கள் ஓடிவந்து உள்ளே புகுந்து அம்பு விட்டார்கள். ஊர்மையத்துக்குள் 15 பேருக்குத்தான் இடம். இடமில்லாமல் வெளியே நின்ற நாலு பேரைச் சுவரைச் செப்பனிட விட்டேன். அவர்களால்தான் கட்டடம் நின்றது. தப்பித்தாச்சு என்று ஆட்டத்தைச் சேமித்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் காலை ராஜபாளையம் பஸ்ஸில்தான் உறைத்தது. நூற்பாலையிலும் இதையேதான் செய்துகொண்டிருக்கிறோம்: தப்பித்ததும் மறந்துவிடுகிறோம்.

பல வருஷங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நூற்பாலையில், பஞ்சுப் பேலோடு வந்த இரும்புத் துண்டு ஒன்று, அதைப் பிடிக்க வேண்டிய காந்தத்தைத் தாண்டிப் போய், பஞ்சை உதறும் ப்ளோரூம் பீட்டரில் அடிபட்டுப் பொறி கிளம்பியது. பஞ்சு கருகும் வாசனையை அங்கே நின்றவர் பிடித்தார், மெஷினை நிறுத்தினார். பத்து நிமிஷத்தில் மறுபடி ஓட்டம். பதிவேட்டில் ‘மெஷின் நிறுத்தம், 10 நிமிடம், சரி செய்யப்பட்டது’ என்று ஒரு வரி. எல்லாரும் டீ குடிக்கப் போனோம். அன்றைக்கு அங்கே நின்றவர் மாற்று ஆள் என்பதையும், வழக்கமாக நிற்பவர் சளிபிடித்து மூக்கடைப்போடு லீவில் இருந்தார் என்பதையும் யாரும் எழுதவில்லை.

தீப்பிடித்திருந்தால் விசாரணை நடந்திருக்கும். பிடிக்காமல் போனதால் பாடம் வீணாய்ப் போனது. விமானத் துறை இதை உயிர்களை விலையாகக் கொடுத்துத்தான் கற்றது. 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே ஒரு பயணிகள் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். ஆறு வாரம் முன்பு வேறொரு கம்பெனியின் விமானம் இதேபோல் அதே இடத்தில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தக் கம்பெனி தன் விமானிகளை எச்சரித்தது. செய்தி மற்ற கம்பெனிகளுக்குப் போய்ச் சேரவில்லை. 1976-ல் அமெரிக்க அரசு, இப்படித் தப்பித்த கதைகளைத் திரட்ட ஒரு ஏற்பாடு செய்து, நடத்துகிற பொறுப்பை நாசாவிடம் கொடுத்தது. சொன்னவர் பெயர் வெளியே வராது.

உங்கள் ஆலையில் நாசா இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஷிப்ட் அரை நைட்டோ முழு நைட்டோ, வீட்டுக்குக் கிளம்புமுன் எழுதிவிடுங்கள். தூங்கி எழுந்தால் ‘அப்படியொன்றும் பெரிதில்லை’ என்று தோன்றிவிடும். என்ன நடக்க இருந்தது? எது காப்பாற்றியது? காப்பாற்றியது நாளைக்கும் அதே இடத்தில் இருக்குமா? மூன்றாவது கேள்விக்குத்தான் நம்மில் பலர் பேனாவை மூடிவிடுகிறோம். ஒருவருடைய மூக்கு காப்பாற்றியது என்றால், அது பாதுகாப்பு ஏற்பாடு இல்லை.

மேலதிகாரியிடம் எப்படிச் சொல்வது? பயமுறுத்தினால் காது மூடிக்கொள்ளும். கையோடு ஒரு சின்ன வேலையைக் கொண்டுபோங்கள். “அண்ணாச்சி, நேத்து மெஷின் நின்னது பத்து நிமிஷம்தான். ஆனா பொறி வந்துச்சு. காந்தத்தை ஒருதரம் கழட்டிப் பாத்துருவமா?” இவ்வளவு போதும். ‘யார் விட்டது’ என்ற பேச்சை மட்டும் நீங்கள் தொடங்காதீர்கள். மெமோ வரும் என்று தெரிந்தால் அடுத்த தடவை பொறியைப் பார்த்தவர் வாயே திறக்கமாட்டார்.

இன்னொன்று. ஆடிப்பூரத் தேரோட்டத்தில் அத்தனை பேரும் ஆண்டாளைப் பார்க்க, சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் மட்டும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நடப்பார்கள். பெரிய ஆர்டர், புது மெஷின், ஆடிட் என்று மொத்தப் பேரும் ஒரு பக்கம் ஓடும் வாரத்தில், சக்கரத்தைப் பார்க்க ஒரு ஆளைப் பெயர் சொல்லி நிறுத்துங்கள். ‘எல்லாரும் பாத்துக்கங்க’ என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்.

இந்த நோட்டு, வேலை மாறும்போதும் கைகொடுக்கும். சூப்பர்வைசர் வேலைக்கான நேர்காணலில் எங்கே சறுக்கினீர்கள் என்று கேட்டால், ‘அப்படி எதுவும் இல்லை சார்’ என்பவரை நான் நம்புவதில்லை. மணி என்ன, எதைப் பார்த்தீர்கள், எதைத் தவறவிட்டீர்கள், மறுநாள் எதை மாற்றினீர்கள் என்று இரண்டு நிமிஷத்தில் சொல்லுங்கள். சாமர்த்தியமாகத் தப்பித்த பகுதியைச் சுருக்கி, மாற்றிய பகுதியை நீட்டுங்கள். பழைய கம்பெனியின் பெயரை இழுக்காதீர்கள்.

போன வாரம் அதே கட்டத்தை மறுபடி ஆடினேன். பின்கரையில் இரண்டு காவல் கோபுரம் கட்டினேன். எதிரி வந்தான், அடிவாங்கித் திரும்பினான். ஆனால் ஊதல் கேட்டபோதெல்லாம் ஊருக்கு ஓடி ஓடி வந்ததில், எதிர்க்கரையில் என் கப்பல்களில் பாதி மூழ்கியிருந்தது. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறேன்.