கடலோர வேலிக்கு ஏற்ற ஆணி

தேருக்கு அச்சாணி எவ்வளவு இன்றியமையாததோ, பலகை வேலிக்கும் பலகைச் சுவருக்கும் ஆணி அவ்வளவு இன்றியமையாதது. எனினும் மதிப்பீடு தயாரிக்கையில் மரத்துக்கும் கூலிக்கும் தனித்தனியே கணக்கிடும் நாம், ஆணியைச் ‘சில்லறைச் செலவு’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் முதல் மீஞ்சூர் ஒன்றியத்துக் கடலோர ஊராட்சிகள் வரை இக்கவனக்குறைவு பெருநஷ்டத்தில் முடியும்.

கழிக்கரையை அடுத்த ஓர் ஊரில் பள்ளியைச் சுற்றிப் பலகை வேலி அமைக்கப்பட்டது. மரம் நல்ல மரம். வேலையும் நேர்த்தியான வேலை. ஆனால் இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் ஆணித் தலைகள் துருவேறி உதிர்ந்தன. ஒருநாள் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பலகையொன்று சாய்ந்து விழுந்தது. நல்வினையாக எவருக்கும் காயமில்லை. மரம் கெடவில்லை, ஆணியே கெட்டது.

துரு ஏறுவது ஏன்?

அலை உடையும்போது எழும் உப்புத் துளிகளைக் காற்று கரைக்குச் சுமந்து வருகிறது. ஆணியின்மேல் படியும் உப்பு, ஈரத்தை உலரவிடாமல் பிடித்து வைக்கிறது. அனல் மின்நிலையங்களும் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உள்ள இப்பகுதியில் கந்தகப் புகையும் அத்துடன் சேர்கிறது. ஆகவே மெல்லிய நாகமுலாம் பூசிய ஆணியின் பூச்சு விரைவில் கரைந்து, உள்ளிருக்கும் இரும்பு வெளிப்பட்டுவிடும்.

தரம் அறிதல்

நம் இல்லங்களில் ‘எவர்சில்வர்’ என வழங்கும் துருப்பிடிக்காத எஃகில் பல தரங்கள் உண்டு. 304 என்னும் தரத்தில் நூற்றுக்குச் சுமார் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உள்ளன. 316 என்னும் தரத்தில் இவற்றுடன் 2 முதல் 3 பங்கு மாலிப்டினமும் சேர்ந்திருப்பதால், உப்பு உண்டாக்கும் புள்ளி அரிப்பை அது நன்கு தாங்கும். கடல் தூவல் படும் இடத்துக்கும் கழிக்கரைக்கும் 316 தரமே தக்கது. கடலினின்று நன்கு உள்ளே தள்ளிய ஊர்களுக்கு 304 போதும். அல்லது உருக்கிய நாகத்தில் முக்கியெடுத்த கனமான பூச்சுடைய ஆணி போதும்.

காந்தத்தில் ஒட்டாததெல்லாம் நல்ல எஃகு என்று எண்ணுதல் தவறு. நிக்கல் குறைந்த மலிவான தரங்களும் ஒட்டமாட்டா. கம்பியாக இழுத்த நல்ல எஃகோ சிறிது ஒட்டவும் கூடும். எனவே தரத்தைக் குறிப்பிடும் ஆலைச் சோதனைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதலே நலம். முலாம் பூசிய ஆணியைப் பிரித்தறிய எளிய வழியுண்டு: ஆணியை அரத்தால் சிறிது கீறி, உப்பு நீரில் நனைத்த துணியில் சில நாள் வைத்தால், கீறிய இடத்தில் செந்துரு தோன்றக்கூடும்.

அடிக்கும் முறை

பெரிய வேலைகளுக்குச் சுருளாகக் கோத்த ஆணிகளைக் காற்றழுத்தத் துப்பாக்கியால் அடிக்கின்றனர். அவற்றைக் கோத்திருக்கும் கம்பியும் துருப்பிடிக்காததாக இருத்தல் வேண்டும். தண்டில் வளைய வரியுள்ள ஆணி எளிதில் பிடுங்கி வராது. 12-12-2016 அன்று வீசிய வார்தா புயலை நினைவில் கொண்டோர்க்கு இதன் பயன் விளங்கும். ஆணியின் நீளம் பலகைக் கனத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு இருக்கட்டும்; முக்கால் அங்குலப் பலகைக்கு இரண்டு அல்லது இரண்டேகால் அங்குலம். தலை பலகையோடு சமமாக அமர வேண்டும்; உள்ளே புதைந்தால் அக்குழியில் நீர் தேங்கி மரம் மக்கும். சிறு வேலைக்குத் துப்பாக்கி வேண்டியதில்லை. அதே தர ஆணியைச் சுத்தியலால் அடிக்கலாம்.

ஊராட்சி உறுப்பினர்கள் மதிப்பீட்டில் ‘ஆணி’ என்று மட்டும் எழுதாமல், தரம், நீளம், வரியுள்ள தண்டு ஆகிய மூன்றையும் குறிப்பிடுவாராக. சரக்கு வந்ததும் சான்றிதழைச் சரிபார்த்த பின்னரே வேலையைத் தொடங்குவாராக. நல்ல ஆணிக்கு முதலில் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஆனால் மறுபடியும் வேலி கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறிதே. ஊர்ப் பணம் உப்புக் காற்றில் கரையாமற் காப்பது நம் கடமையன்றோ!