நாளை நடப்பதை அறியாத சிறுமி

அன்புள்ள தம்பிக்கு,

மலாயா ரப்பர்த் தோட்டமொன்றில், யுத்தம் ஓய்ந்த பின் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுதியதாக நீ கற்பித்திருக்கும் நாட்குறிப்பை முழுவதும் வாசித்தேன். குழந்தைகளுக்குச் சரித்திரம் சொல்ல வேண்டுமென்ற உன் உத்தேசம் சிலாக்கியமானதே. ஆயினும் அந்த உத்தேசந்தான் பல பக்கங்களில் அவள் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி உன் கையில் கொடுத்துவிடுகிறது.

1945 ஆகஸ்ட் 15-ஆம் தேதிப் பக்கத்திலேயே ஜப்பான் சரணடைந்துவிட்டதாக அவள் எழுதுகிறாள். அந்நிய வானொலியைக் கேட்பதே உயிருக்கு ஆபத்தாயிருந்த அந்நாளில், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் வசிக்கும் சிறுமிக்கு அச்செய்தி அன்றே எட்டியது எங்ஙனம்? ஆங்கிலேயப் படைகள் வந்திறங்கியது செப்டம்பரில். இடைப்பட்ட வாரங்களில் ஆட்சி யாருடையது என்பதே ஜனங்களுக்கு நிச்சயமில்லை. நாளை நடப்பது அவளுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். உன் ஞானத்தை அவளிடமிருந்து ஒளித்து வைப்பதே இவ்வகைப் புனைவின் தலையாய சிரமம்.

அவள் அறியக்கூடியவை வேறு. ஜப்பானியர் டோக்கியோ நேரத்தை மலாயாவிலும் அமல்படுத்திக் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து அது பழையபடி திரும்பியதும், நேற்றுவரை ஏழு மணிக்கு இருண்டு கிடந்த காலை இன்று ஏழு மணிக்கு வெளுத்திருப்பதைக் கண்டு அவள் அதிசயிக்கட்டும். ராஜ்யம் மாறியதை வேறு எப்படி அவள் உணர்வாள்? தாய் தகரப் பெட்டியில் சேர்த்து வைத்த ஜப்பானியர் அச்சிட்ட வாழைமர நோட்டுகள் செல்லாமற்போய், பிள்ளைகள் கடை வைத்து விளையாடும் காகிதங்களானதையும் எழுதலாம். சமாதானம் வந்ததும் நீ வடையும் பாயசமும் பரிமாறிவிட்டாய்! பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசியை நம்பியிருந்த நாடு அது. யுத்தத்தில் அரிசிக்குப் பதிலாக வந்த மரவள்ளிக்கிழங்கு அத்தனை சீக்கிரம் அடுப்பை விட்டு இறங்கவில்லை.

ஜப்பானியருக்காகச் சயாமில் ரயில் பாதை போடப் போய்த் திரும்பும் தகப்பனைப் பற்றிய அத்தியாயமே நூலின் உயிர். அங்கேதான் அதிகம் தவறியிருக்கிறாய். வந்த இரவே அவன் 415 கிலோமீட்டர் ரயில் பாதையின் வரலாற்றையும், வாந்திபேதியில் மாண்டவர் கதையையும் பிள்ளைகளுக்குப் பிரசங்கமாகச் சொல்லிவிடுகிறான். சிறுமியின் கண்ணில் படுவது அதுவல்ல. அவன் இல்லாத மூன்று வருஷமும், பிழைப்பில்லாத தோட்டத்தில் கிழங்கு நட்டு, விறகு சுமந்து, கணக்கெழுதும் கிராணியிடம் வாதாடிக் குடும்பத்தை நிர்வகித்த தாய், இனிச் சம்பளக் காசை யார் வாங்குவதென்ற கேள்வியில் முதன்முறையாகக் கணவனோடு பிணங்குவதை அவள் பாயில் படுத்தபடி கேட்கிறாள். கைக்குழந்தையாய் விடப்பட்ட தம்பி, இந்தப் புதிய மனிதர் எப்போது தம் வீட்டுக்குப் போவார் என்று கேட்கிறான்.

அடுத்த லய வீட்டையும் நீ மறந்துவிட்டாய். அங்கே தகப்பன் திரும்பவில்லை. இறந்தான் என்று சொல்லவும் ஆளில்லை, கடிதமும் இல்லை. பொட்டை அழிப்பதா வைப்பதா என்று ஊர்ப் பெண்கள் காதுபடப் பேச, அந்தத் தாய் தினமும் பொட்டிட்டுக்கொண்டே வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறாள். அவள் மகள் உன் சிறுமிக்குத் தோழியானால், நடுவே ஒரு பலகைச் சுவர்தான். தன் வீட்டுச் சிரிப்பு அப்பக்கம் கேட்குமே என்று பத்து வயதுக் குழந்தை கூசுவதை எழுத உன்னால் முடியுமென்றே நம்புகிறேன். அதற்கு நீதி எதுவும் கற்பிக்காதே.

அவளுக்குக் காகிதம் எங்கே கிடைத்தது என்பதையும் யோசி. ஆபீஸில் கழித்த செக்ரோல் என்ற பேர்ப்பதிவுத் தாள்களின் பின்புறத்தில் எழுதுகிறாளென்றால், இடம் குறைவு. வர்ணனைகள் தாமே சுருங்கும். நீ சிரத்தையோடு திரட்டிய சரித்திரக் குறிப்புகளைப் புஸ்தகத்தின் இறுதியில் உன் பெயரிலேயே அச்சிடு. திருத்திய பிரதியைத் தபாலில் அனுப்பு. எழுத்து மட்டும் சற்றுப் பெரிதாயிருக்கட்டும்.

இங்ஙனம்,
உன் நலம் விழையும் அண்ணன்