கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு பெரிய ஏர் கூலர்



ஏர் கூலர் என்றதும் ஜன்னல் ஓரமா வெச்சு தண்ணி ஊத்துற பெட்டிதான் நம்ம எல்லாருக்கும் ஞாபகம் வரும். நான் எழுதப் போறது அதைப் பத்தி இல்லை. டெஸ்க்டாப் கம்ப்யூட்டரோட கேபினட்டுக்குள்ளே, பிராசஸர் தலைமேல உட்கார்ந்திருக்கிற கூலரைப் பத்தி. ரெண்டுக்கும் பேர் ஒண்ணு, வேலை வேற. வீட்டுக் கூலர்ல தண்ணி ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கும். அதனால வெளியே வர்ற காத்து ஜில்லுனு இருக்கும். கம்ப்யூட்டர் கூலரால காத்தை ஜில்லாக்க முடியாது. பிராசஸரில் இருக்கிற சூட்டை எடுத்து அறைக் காத்துல கலந்து விடும், அவ்வளவுதான். அறை 40 டிகிரின்னா பிராசஸர் 40க்குக் கீழே போகவே போகாது. இதை முதல்ல மனசுல வெச்சுக்குங்க.

பிராசஸர் ஏன் சூடாகுது? அதுக்குள்ளே போற மின்சாரம் எல்லாம் கடைசியில வெப்பமாத்தான் மாறுது. உதாரணத்துக்கு இன்டெல் கோர் ஐ5-12400 என்கிற பிராசஸருக்கு அடிப்படை அளவு 65 வாட், வேகம் கூடும்போது 117 வாட் வரைக்கும் போகும். பழைய 100 வாட் குண்டு பல்பை எரியும்போது யாராவது தொட்டிருக்கீங்களா? அந்தப் பல்பை விட அதிக வெப்பம், கட்டைவிரல் நகம் அளவு சில்லிலிருந்து வருதுன்னு நினைச்சுப் பாருங்க. அந்தச் சில்லுக்கு எல்லை 100 டிகிரி. அதைத் தொட்டா தானே வேகத்தைக் குறைச்சுக்கும். அப்பவும் சூடு அடங்கலைன்னா கம்ப்யூட்டர் பட்டுனு ஆஃப் ஆயிடும். அது ரிப்பேர் இல்லை, தன்னைக் காப்பாத்திக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கூலர், பிராசஸரை அறை வெப்பநிலையை விட 60 டிகிரி கூடுதலா வெச்சிருக்குன்னு எடுத்துக்குவோம். மார்கழியில அறை 25 டிகிரி, பிராசஸர் 85. வேலை நடக்கும். சித்திரையில அறை 40 டிகிரி, பிராசஸர் 100. வேலை நின்னு போச்சு. கூலர் அதேதான், மாறினது அறைதான். குளிர் நாட்டில் இருக்கிறவங்களுக்குப் போதுமான சின்னக் கூலர் நம்ம பக்கம் மே மாசத்துல திணறுறதுக்கு இதுதான் காரணம்.

எங்க மாமாவுக்கும் இதேதான் நடந்துச்சு. மாமா டவுன்ல கல்யாண வீடியோ எடிட் பண்ற கடை வெச்சிருக்காங்க. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. போன வைகாசி முகூர்த்தத்துக்கு மூணு ஆர்டர், மூணுக்கும் அட்வான்ஸ் வாங்கியாச்சு. வீடியோவை ரெண்டர் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தா மெஷின் ஆஃப் ஆகிக் கிடக்கும். ராத்திரி பூரா போட்டாலும் பாதியில நிக்கும். அத்தை குழுக் கடன் தவணைக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பி இருந்தாங்க. கம்ப்யூட்டர் சாமான் கடையில கேட்டதுக்கு, "இருக்கிறதுலயே பெரிய கூலர் போடுங்க அண்ணே, எல்லா கேபினட்டுக்கும் செட் ஆகும்"னு சொல்லிட்டாங்க. எல்லா கேபினட்டுக்கும் எப்படி செட் ஆகும்? அதான் நானும் மாமாவும் அளந்து பார்த்தோம்.

அளக்கிறதுக்கு முன்னாடி, பெரிய கூலர் ஏன் பெரிசா இருக்குன்னு தெரியணும். நெல்லைக் குவியலா விட்டா காயுமா? களத்துல பரப்பினாத்தான் காயும். வெப்பமும் அப்படித்தான், பரப்பு அதிகமானா சீக்கிரம் காத்துக்குப் போகும். அதுக்காகத்தான் மெல்லிசான அலுமினியத் தகடுகளை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஒரு கோபுரம் மாதிரி செஞ்சிருக்காங்க. கடைக்காரங்களும் அதை டவர் கூலர்னுதான் சொல்றாங்க. பக்கத்துல ஒரு ஃபேன் தகடுகளுக்கு நடுவில் காத்தைத் தள்ளும். ஃபேன் பெரிசா இருந்தா மெதுவா சுத்தினாலே போதுமான காத்து வரும், இரைச்சலும் குறையும்.

ஆனா கீழே இருக்கிற சூடு மேலே இருக்கிற தகடு வரைக்கும் எப்படி ஏறுது? அங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சமாச்சாரம் இருக்கு. வெப்பக் குழாய்! பார்க்கிறதுக்குச் செம்புக் கம்பி மாதிரி இருக்கும், ஆனா உள்ளே காலி. காத்தை எடுத்துட்டு ரொம்பக் கொஞ்சம் தண்ணி வெச்சு மூடியிருப்பாங்க. உள்ளே அழுத்தம் குறைவா இருக்கிறதால தண்ணி 100 டிகிரிக்கு வெகு முன்னாடியே ஆவியாகும். அந்த ஆவி மேலே போய், தகடுகிட்ட குளிர்ந்து திரும்பத் தண்ணியாகும். இட்லிப் பானை மூடியைத் திறந்தா அடியில தண்ணி சொட்டுதே, அதே வேலைதான். குளிர்ந்த தண்ணி திரும்ப வர்றதுக்குக் குழாயோட உள்சுவர்ல செம்புத் தூளை ஒட்ட வெச்சிருக்காங்க. விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி அது தண்ணியை இழுத்துக்கிட்டு வரும். நுண்புழை ஏற்றம்னு நாம படிக்கிறது இதுதான். ஒரு சொட்டு கூட வெளியே போகாம வருஷக் கணக்கா சுத்திக்கிட்டே இருக்கும். 1963ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் என்ற விஞ்ஞானி, விண்கலத்துக்குப் பயன்படும்னு வெப்பக் குழாயை உருவாக்கினார். அது இப்போ மாமா கடை மேசை மேல இருக்கு.

இனி அளவுக்கு வருவோம். உங்க ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற சின்ன ஸ்கேலை எடுத்துக்குங்க. 15 செ.மீ. இருக்கும். ஆஸ்திரியா நாட்டு நொக்டுவா கம்பெனியின் என்.எச்.-டி15 கூலர் உயரம் 16.5 செ.மீ. அதாவது உங்க ஸ்கேலை விட ஒன்றரை செ.மீ. உயரம். அதுல 14 செ.மீ. ஃபேன் ரெண்டு இருக்கு. 2024ல் வந்த அதோட புது மாடல் 16.8 செ.மீ. டீப்கூல் ஏகே400 என்கிற கூலர் 15.5 செ.மீ., அதுக்கு 12 செ.மீ. ஃபேன் ஒண்ணுதான். ரெண்டு கூலருக்கும் வித்தியாசம் ஒரு செ.மீ. தானேன்னு தோணும். அந்த ஒரு செ.மீ.தான் பக்க மூடி மூடுமா மூடாதான்னு முடிவு பண்ணும்.

புது கேபினட்டா இருந்தா கூலர் எத்தனை மி.மீ. வரை போடலாம்னு அட்டைப்பெட்டியிலோ கம்பெனி விவரத்திலோ போட்டிருப்பாங்க. மாமாவோடது பழசு, பெட்டியும் இல்லை, மாடல் பேரும் இல்லை. நாங்க என்ன செஞ்சோம்னா, மெயின் சுவிட்சை அணைச்சு, ஒயரைப் பிடுங்கிட்டு, பக்க மூடியைக் கழட்டினோம். ஒரு தென்னை ஈர்க்குச்சியை மதர்போர்டு மேல, பிராசஸர் பக்கத்துல காலியா இருந்த இடத்துல மெதுவா நிறுத்தி, மூடி வந்து உட்காருற விளிம்பு வரைக்கும் பேனாவால கோடு போட்டோம். (இரும்பு ஸ்கேலை விட ஈர்க்குச்சி நல்லது, போர்டில் கீறல் விழாது.) அளந்தா 16.6 செ.மீ. 16.5 செ.மீ. கூலர் போயிடும்னு அவசரப்படாதீங்க! கூலர் போர்டு மேல உட்காராது, பிராசஸர் மேல உட்காரும். பிராசஸரோட மேல்பக்கம் போர்டிலிருந்து சுமார் 7 மி.மீ. உயரத்துல இருக்கு. 16.6லிருந்து 0.7 போனா மீதி 15.9 செ.மீ. கடையில சொன்ன 16.5 போட்டிருந்தா மூடி 6 மி.மீ. துருத்திக்கிட்டு நிக்கும். 15.5 போட்டா 4 மி.மீ. இடம் மிச்சம். விலையும் அந்தப் பெரிய கூலர்ல பாதி கூட இல்லை.

உயரத்தோட முடியலை. டவர் கூலரோட ஃபேன் பல நேரம் ரேம் சொருகிற இடத்துக்கு மேலே வந்து நிக்கும். அந்த 16.5 செ.மீ. கூலர்ல ரெண்டு ஃபேனும் போட்டா ரேமுக்குக் கிடைக்கிற இடம் 3.2 செ.மீ. தான். சாதாரண ரேம் 3 செ.மீ. சொச்சம், உள்ளே போயிடும். கலர் கலரா லைட் எரியுற ரேம் 4 செ.மீ.க்கு மேல இருக்கும், இடிக்கும். அப்போ ஃபேனைக் கொஞ்சம் மேலே தூக்கி மாட்டணும். ஃபேனைத் தூக்கினா மொத்த உயரம் கூடும். உயரம் கூடினா மூடி இடிக்கும்! எங்க மிச்சம் 4 மி.மீ. அப்படியே காணாம போயிருக்கும். நல்லவேளை, மாமாகிட்ட இருந்தது லைட் இல்லாத சாதா ரேம். லைட் எரியுற ரேம் வேகமா வேலை செய்யும்னு நம்ம வகுப்புப் பசங்க சிலர் சொல்றாங்க. லைட்டுக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது எடை. ரெண்டு ஃபேனோட என்.எச்.-டி15 எடை 1.32 கிலோ. கேபினட்டை நிமிர்த்தி வெச்சா மதர்போர்டு சுவர் மாதிரி நிக்கும், கூலர் அதுல பக்கவாட்டில் தொங்கும். எடை நடுவில் இருக்குன்னு வெச்சுக்கிட்டா திருப்புத்திறன் சுமார் 1 நியூட்டன் மீட்டர். அந்தப் பாரத்தைத் தாங்கத்தான் போர்டுக்குப் பின்னாடி ஒரு தகடு கொடுத்து, ஸ்க்ரூவால முடுக்குறாங்க. நாங்க வாங்கின அளவுல எடை சுமார் 660 கிராம்தான், திருப்புத்திறன் பாதியாயிடும். பெரிய கூலர் போட்ட கம்ப்யூட்டரை பஸ்ல எடுத்துட்டுப் போனா, போர்டு தரைப்பக்கம் இருக்கிற மாதிரி கேபினட்டைப் படுக்க வெச்சு எடுத்துட்டுப் போங்க. கூலர் நேரா நிக்கும், போர்டு வளையாது. நம்ம ஊர் ரோட்டுக்கு இது ரொம்ப அவசியம்.

பின் தகடு மாட்டணும்னா போர்டுக்குப் பின்னாடி கை போகணும். சில கேபினட்டில் அதுக்குன்னு ஓட்டை வெட்டியிருக்கும். இல்லைன்னா மதர்போர்டு முழுசையும் கழட்டணும். எங்களுக்குக் கழட்ட வேண்டியதாப் போச்சு, அதுக்கே ஒரு மணி நேரம். இன்னொண்ணு, இன்டெல் போர்டில் கூலர் மாட்டுற ஓட்டைகளோட இடைவெளி 2021க்கு முன்னாடி வந்த பல போர்டுகளில் 75 மி.மீ., 2021ல் வந்த புது சாக்கெட்டில் 78 மி.மீ. பழைய கூலரைப் புது போர்டுக்கு வாங்கும்போது அதுக்குரிய கிளாம்ப் பெட்டிக்குள்ளே இருக்கான்னு பாருங்க.

மாட்டுற வேலையில தெர்மல் பேஸ்ட்தான் முக்கியம். பிராசஸரும் கூலர் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பா தெரிஞ்சாலும் மேடு பள்ளம் இருக்கும். பள்ளத்துல காத்து நிக்கும். செம்பு வெப்பத்தைக் கடத்துறதுல காத்து ஆயிரத்துல ஒரு பங்கு கூட கடத்தாது. அந்தக் காத்தை வெளியேத்தத்தான் பேஸ்ட். பழைய பேஸ்ட்டை ஸ்பிரிட் தொட்ட துணியால துடைச்சிட்டு, பட்டாணி அளவு நடுவில் வெச்சா போதும். தோசைக்கு எண்ணெய் ஊத்துற மாதிரி ஊத்த வேண்டாம். கூலர் அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளைக் கண்டிப்பா உரிக்கணும். ஸ்க்ரூவை ஒரே பக்கம் முழுசா முடுக்காம, மூலைக்கு மூலை மாத்தி மாத்திக் கொஞ்சம் கொஞ்சமா முடுக்கணும். அப்பதான் பேஸ்ட் சமமா பரவும். நான் ஸ்க்ரூ டிரைவர் பிடிச்சிருந்ததைப் பார்த்துட்டு எங்க அப்பத்தா, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி இந்த வேலை?"ன்னாங்க. மாமா, "அத்தே, அளந்து கொடுத்ததே பாப்பாதான்"னு சொன்னதும் மோர் கொண்டு வந்து கொடுத்தாங்க.

ஃபேன் எந்தப் பக்கம் பார்க்கணும்? முன்பக்கக் காத்தை வாங்கித் தகடு வழியா கேபினட்டோட பின்பக்கம் தள்ளணும். ஃபேன்ல குறுக்குக் கால்கள் தெரியுற பக்கம்தான் காத்து வெளியே வர்ற பக்கம். சந்தேகம்னா ஓடும்போது மெல்லிசான பேப்பர்த் துண்டைப் பின்பக்கம் காட்டிப் பாருங்க, வெளியே பறக்கணும். ஃபேன் ஒயரை மதர்போர்டில் சிபியு ஃபேன்னு எழுதியிருக்கிற நாலு முள் இடத்துலதான் சொருகணும். அப்பதான் சூட்டுக்குத் தகுந்த மாதிரி ஃபேன் வேகம் மாறும்.

மாட்டின அன்னைக்கு மத்தியானம் கடைக்குள்ளே 38 டிகிரி. ரெண்டரைப் போட்டுட்டு மூணு பேரும் ஸ்கிரீனையே பார்த்துக்கிட்டு இருந்தோம். 60, 70 ஆச்சு, 78ல் போய் நின்னுச்சு. அரை மணி நேரம் கழிச்சும் 78, 79தான். முதல் கல்யாண வீடியோ சாயந்திரமே முடிஞ்சது. அப்புறம் மாமா கேபினட்டைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வெச்சதும் இன்னும் 3 டிகிரி குறைஞ்சது. அதுக்குக் காசே ஆகலை.

ஆடிக் காத்துல புழுதி ஏறித் தகடு அடைச்சுக்கும். மாசம் ஒரு தடவை பெயிண்ட் பிரஷ்ஷால தட்டிவிடணும், அப்போ ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கணும். நம்ம பள்ளிக் கம்ப்யூட்டர்கள் ஒல்லி கேபினட், டவர் கூலர் உள்ளே போகாது. அதுக்குத் தூசி தட்டினாலே பாதி சூடு பிரச்சினை தீரும், அறிவியல் டீச்சர்கிட்ட அனுமதி கேட்டிருக்கேன். யார் வீட்டுலயாவது கூலர் மாத்துறதா இருந்தா, ஈர்க்குச்சியால அளந்து எழுதிக்கிட்டு வாங்க. மதிய இடைவேளையில உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி